ஆகாச முசேயும் ஒதியம்பட்டுப் பேயும்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. தெரியாத பிரெஞ்சைத் தெரியும் என்று சொல்லிப் பெண் பார்க்கப் போனேன் பாருங்கள், வெட்கம் அங்கேதான் இருக்கிறது.

சுத்தமாகத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. திருக்கனூரில் அப்பாவுக்கு எண்ணெய்க் கடை. எடைக்கு வாங்கிய பழைய காகிதக் கட்டு ஒன்றில், முன்பக்கங்கள் கிழிந்துபோன ஒரு பிரெஞ்சுப் பாடப் புத்தகம் அகப்பட்டது. பிண்ணாக்கு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு, எனக்கு நானே வாத்தியாராகி அதைப் படித்து முடித்தேன். அந்த மொழியில் எழுதுவதில் பாதியை வாயால் சொல்லக் கூடாதாம். அந்தச் சங்கதி கிழிந்துபோன பக்கங்களில் இருந்திருக்க வேண்டும். நான் ஒரு எழுத்தையும் வீணாக்காமல் எல்லாவற்றையும் உச்சரித்தேன். (வியாபாரக் குடும்பம் அல்லவா?) நெருப்புக்கு அதில் மூன்றெழுத்துச் சொல் ஒன்று போட்டிருந்தது. அதை ‘ஃபெயூ’ என்று மனப்பாடம் செய்தேன்.

புதுச்சேரிக்குச் சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் என் படிப்பை வீதியில் சோதித்துப் பார்ப்பேன். ஓரிடத்தில் ‘எசென்ஸ்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருந்தது. வருகிற போகிற மோட்டார்கள் எல்லாம் அங்கே நின்றுதான் போயின. எசென்ஸ் என்றால் வாசனைத் தைலம் என்பது கடைக்காரன் மகனுக்குத் தெரியாதா? “வெள்ளைக்காரன் அத்தர் பூசாமல் மோட்டாரில் ஏறமாட்டான்” என்று ஊருக்கு வந்து சொன்னேன். ஊர் வியந்தது. என் புகழ் ஒதியம்பட்டு வரைக்கும் போயிற்று.

ஒதியம்பட்டில் குப்புசாமிக்குக் கரும்பும் நெல்லுமாகப் பச்சென்று நிலம். அதோடு ஒரு வாய்க்கால் தகராறு. புதுச்சேரிக் கோர்ட்டில் அது வருஷக் கணக்காக நடந்துகொண்டிருந்தது. அங்கே பேசுவதெல்லாம் பிரெஞ்சு. தன் வழக்கில் தான் ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்பதைக்கூடக் கூலி கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு மனக்குறை. அதனால், பிரெஞ்சு தெரிந்த பையனுக்குத்தான் மகள் தனகோட்டியைக் கொடுப்பது என்று முடிவு கட்டியிருந்தார். அகப்பட்டவன் நான்.

பெண்ணைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் என்னைப் பார்த்துச் சிரித்தன, வாய் மட்டும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. கல்யாணம் முடிகிற வரையில் என் எதிரே எந்த வெள்ளைக்காரனும் வந்து நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். நடந்து வரக் கூடாது, வண்டியில் வரக் கூடாது என்றெல்லாம் நினைத்தேனே தவிர, வானத்திலிருந்து விழக் கூடாது என்று வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

நிச்சயதாம்பூலத்தன்றுதான் ஆகாச முசே வந்தார். அவருடைய உண்மைப் பெயரை என்னால் அன்றைக்கும் உச்சரிக்க முடியவில்லை, இன்றைக்கும் முடியாது. ஊர் வைத்த பெயரே இருக்கட்டும். (எங்கள் பக்கத்தில் வெள்ளைக்கார துரைக்கு முசே என்று பெயர்.) பிரான்சில் அவர் மகா பிரசித்தம். அவர் மீசையைப் போட்டுத் தபால் அட்டை விற்றார்கள். பெரிய யுத்தத்தில் தாம் ஓட்டிய அதே பழைய விமானத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து, ஊர் ஊராகப் பறந்து காட்டிக்கொண்டிருந்தார். அன்று பிற்பகல் புதுச்சேரியிலிருந்து கிளம்பி வில்லியனூர்க் கோபுரத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புவார் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். தட்டு மாற்றி, சாப்பாடு முடிந்து, இரண்டு வீட்டாரும் வெற்றிலை வாயோடு கரும்புத் தோட்டத்து வரப்பில் வந்து நின்றோம். நான் புது மல் வேட்டி கட்டியிருந்தேன்.

முதலில் ஒரு வண்டு. பிறகு ஒரு பருந்து. பிறகு இரண்டடுக்கு இறக்கையோடு, தலையில் தோல் குல்லாய் போட்ட ஒரு மனிதனோடு, நிஜமாகவே அது வந்தது. குழந்தைகள் கத்தின. முசே கையை ஆட்டினார். வாய்க்கால் ஓரத்தில் நின்ற இரட்டைப் பனைக்கு நேராக வரும்போது சத்தம் ஒரு தரம் இருமிற்று. அப்புறம் நின்றுவிட்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மாடுகள் மிரண்டன, சரி. ஆனால் மனிதர்களைக் குலை நடுங்க வைத்தது, அந்தச் சத்தம் நின்றுபோனதுதான். வானத்தில் அவ்வளவு பெரிய பொருள் ஓசையே இல்லாமல் நம்மை நோக்கி வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். அதன் நிழல் எங்கள்மேல் ஓடிற்று. கம்பிகளில் காற்று ‘உய்ய்’ என்று ஊளையிட்டது. யாரோ என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினார்கள். (நானேதான் உட்கார்ந்தேன் என்று தனகோட்டி சொல்கிறாள்.) கரும்பெல்லாம் படபடவென்று முறிகிற சத்தம், துணி கிழிகிற சத்தம். பிறகு தூசி.

தூசி அடங்கியபோது விமானம் மூக்கைத் தரையில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கரும்பு தாங்கியதால் முசே பிழைத்தார். ஆனால் அவருடைய கால் உள்ளே ஏதோ இரும்பில் மாட்டிக்கொண்டிருந்தது. முகம் முழுவதும் எண்ணெய்க் கரி, கண்ணாடியைக் கழற்றிய இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். ஊர் சுற்றி நின்றது, நன்றாகத் தள்ளித்தான். ஒருவரும் கிட்டே போகவில்லை.

“மாப்ள, போய்ப் பேசுங்க” என்றார் குப்புசாமி.

நான் நழுவப் பார்த்தேன்.

“அடிபட்டவரைப் பேச வைக்கலாமா...”

“உங்களுக்குத்தான் அவுங்க பாஷ தெரியும். இன்னா வேணும்னு கேளுங்க. போங்க மாப்ள, பொண்ணு பாத்துக்கினு கீது.”

பெண் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போனேன். கைகூப்பி, “போன்ஜோஊர் மொன்சியெயூர்” என்று ஒரு எழுத்தும் சிந்தாமல் வணக்கம் சொன்னேன். சாவின் வாயில் இருந்த அந்த மனிதர் ஒரு கணம் வலியை மறந்து என்னை விழித்துப் பார்த்தார். அப்புறம் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

“அத்தான்சியோன்! லெசான்ஸ்! பா தெ ஃபே! பா தெ ஃபே!”

பின்னால் பெண்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. “அடியே, அத்தான்றாருடி! மொற வச்சிக் கூப்புடறாரு பாருடி!”

“இன்னா சொல்றாரு மாப்ள?” என்று தூரத்திலிருந்து குப்புசாமி கத்தினார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று. “எசென்ஸ் என்கிறார். வாசனைத் தைலம்! உள்ளே பாட்டில் உடைந்துவிட்டதாம்.”

“உசுரு போற நேரத்துல அத்தரா?”

“அவர்கள் அப்படித்தான்” என்றேன். (தைரியத்தைப் பாருங்கள்.)

“அதுக்கப்புறம் இன்னாவோ ‘பே பே’ன்றாரே, அது இன்னா?”

அதுதான் எனக்கும் தெரியவில்லை. என் புத்தகத்தில் ‘பே’ என்று ஒரு சொல்லே கிடையாது. இந்த ஒரு சொல்லில் என் வண்டவாளம் வெளியே வந்து, மாற்றிய தட்டைத் திருப்பி மாற்றப்போகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது என்னைக் காப்பாற்ற வந்தவர் அய்யனார் கோயில் பூசாரி பொன்னுரங்கம்.

“இதுக்கு இன்னாத்துக்குபா பிரெஞ்சு?” என்றார் அவர். “பேய்ன்றாரு. நம்ம பாஷையிலியே தெளிவா சொல்றாரு. அந்த ரெட்டப் பனையாண்ட வந்தப்பதான சத்தம் நின்னுச்சி? பாத்தீங்களா இல்லியா?”

பார்த்தோம். எல்லோரும்தான் பார்த்தோம். கூட்டம் இன்னும் நாலடி பின்னால் போயிற்று.

“பேய்தானா மாப்ள?” என்றார் குப்புசாமி.

நான் தலையை ஆட்டினேன். அதோடு விட்டிருந்தால்கூட மன்னிக்கலாம். “பேய்தான் மாமா. பிரெஞ்சிலும் பேய்க்குப் பேய் என்றுதான் பெயர்” என்றேன்.

கடப்பாரையோடு வந்துகொண்டிருந்த இரண்டு ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். பேய் இருக்கும்போது கை வைத்தால் அது கை வைத்தவனைப் பிடித்துக்கொள்ளும். முதலில் அதை ஓட்டியாக வேண்டும். அதற்குச் சூடம் கொளுத்திச் சுற்ற வேண்டும். பொன்னுரங்கம் சூடமும் வேப்பிலையும் எடுத்துவரக் கோயிலுக்கு ஓடினார்.

முசே என் மணிக்கட்டை விடவில்லை. இடுக்கியில் மாட்டிய மாதிரி இருந்தது. அத்தனை பேரும் தள்ளி நிற்க, அத்தனை பயமும் எனக்கு ஒருவனுக்கே என்று ஆகிவிட்டது. பனைமரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். பார்க்காமல் இருக்கும்போது அது இன்னும் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. முசே தமது இரண்டு வெள்ளை வட்டங்களால் என் முகத்தையே பார்த்தபடி “பா தெ ஃபே” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கோ மேலேயிருந்து ஏதோ சொட்டுச் சொட்டாக என் புது வேட்டியில் விழுந்துகொண்டிருந்தது.

“அது இன்னாது ஒழுவுது?” என்றார் குப்புசாமி.

முகர்ந்து பார்த்தேன். சுற்றிலும் விளக்கெண்ணெய் நாற்றம்! (அந்தக் காலத்து விமானங்களுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். பிற்பாடு தெரிந்தது.) உலகத்தில் எனக்கு உண்மையாகத் தெரிந்த விஷயம் கடைசியில் வந்துவிட்டதே என்று எனக்கு ஏக சந்தோஷம்.

“வெறும் விளக்கெண்ணெய், மாமா! பயப்படாதீர்கள்!”

“பேதிக்குத்தான் போவும், வேற ஒண்ணும் ஆவாது” என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே, எண்ணெய்க் கடைப் பழக்கம், ஒரு சொட்டை விரலில் ஏந்திக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். விளக்கெண்ணெய் என்றால் தேனைப் போல இழுக்கும், பிசுபிசுக்கும். இது தண்ணீரைப் போல ஓடிற்று. விரல் சில்லென்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் காய்ந்துபோயிற்று. எந்த எண்ணெயும் விரலில் காயாது. மூக்கருகே கொண்டுபோனேன். விளக்கெண்ணெய்க்கு அடியில் வேறொரு வாசனை. எங்கேயோ முகர்ந்த வாசனைதான். புதுச்சேரி... மோட்டார்கள் வரிசையாக நிற்கிற இடம்... எசென்ஸ் என்று பலகை...

அத்தரைப் பூசிக்கொள்ள நின்றவை அல்ல அந்த மோட்டார்கள். குடிக்க நின்றவை. அந்தப் பலகை சொன்னது பெட்ரோலை.

அது புரிந்த மறுநொடியே, பிண்ணாக்கு மூட்டைமேல் படித்த மூன்றெழுத்துச் சொல் ஒன்று என் மண்டைக்குள் விழுந்தது. ‘ஃபெயூ.’ வேண்டாத எழுத்தைக் கழித்துவிட்டு வெள்ளைக்காரன் வாயால் சொன்னால் அது எப்படி இருக்கும்? ‘ஃபே.’

நெருப்பு. ‘நெருப்பு வேண்டாம்’ என்றுதான் அந்த மனிதர் அத்தனை நேரமும் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்றாடியிருக்கிறார்.

நிமிர்ந்தேன். முறிந்த கரும்புக்கு நடுவே ஒருவன் உடுக்கை அடித்துக்கொண்டு முன்னால் வர, பின்னால் பொன்னுரங்கம் வந்துகொண்டிருந்தார். இடது கையில் வேப்பிலை, வலது கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் கைப்பிடி சூடம் ஒரு முழ உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

பயம் என்றால் உடம்பு நடுங்கும் என்று கதைகளில் எழுதுகிறார்கள். எனக்கு நடுங்கவில்லை. உறைந்துவிட்டேன். “பூசாரி, நில்லுங்கள், இது பெட்ரோல்” என்று சொல்ல வேண்டும். நாலே சொல், அத்தனையும் நல்ல தமிழ்ச் சொல். (ஒன்றைத் தவிர.) வாயைத் திறந்தேன். தாய்மொழி மொத்தமும் என்னைக் கைவிட்டுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக, சுத்தமான உச்சரிப்போடு, என் வாயிலிருந்து பிரெஞ்சு வந்தது.

“ஃபே! ஃபே! பா தெ ஃபே!”

உடுக்கை நின்றது. பொன்னுரங்கத்தின் கண்கள் விரிந்தன.

“பாத்தீங்களாபா! முசேகிட்டேர்ந்து மாப்ளகிட்ட தாவிடுச்சி! வுடாதீங்க!”

முசேயும் என் முகத்தில் எதைப் பார்த்தாரோ, பட்டென்று மணிக்கட்டை விட்டுவிட்டார். ஓடினேன். முறிந்த கரும்பு காலைக் கிழிக்க, வரப்பில் ஏறி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் தாம்பாளமும் நெருப்புமாகப் பொன்னுரங்கம் என் பின்னால்தான் வருகிறார். “நில்லுடா! எந்த ஊருடா உனுக்கு?” என்று பேயை விசாரித்துக்கொண்டே வருகிறார். “பிரெஞ்சுப் பேயிபா, அதுக்குத் தமிழு புரியாது!” என்று யாரோ அவருக்கு யோசனை சொல்கிறார்கள். பயத்தில் நான் “ஃபே! ஃபே!” என்று கத்தக் கத்த அவர் இன்னும் வேகமாக வருகிறார்.

அப்போதுதான் தொடையில் ஈரம் சில்லிட்டது. நான் கட்டியிருப்பது வேட்டி இல்லை, பெட்ரோலில் ஊறிய திரி என்பது அந்த வரப்பில்தான் உறைத்தது. எண்ணெய்க் கடைக்காரன் பெற்ற பிள்ளை திரியாக எரிந்து முடியப்போகிறான். முதுகில் சூட்டை உணர்ந்தேன். (நெருப்பு இருபதடி பின்னால் இருந்ததாம். இருக்கட்டும். நான் உணர்ந்தேன்.) இரண்டு குடும்பமும், ஊரும், நிச்சயம் செய்த பெண்ணும் பார்த்திருக்க, வேட்டியை அவிழ்த்து வரப்பில் எறிந்துவிட்டு வாய்க்காலில் குதித்தேன்.

பொன்னுரங்கம் வேட்டியில் தடுக்கினார். தாம்பாளம் சரிந்தது. ‘குப்’பென்று ஆள் உயரத்துக்கு ஒரு ஜுவாலை எழுந்தது. அவர் பின்பக்கமாய் விழுந்தார். நல்ல வேளை, புருவத்தோடு போயிற்று. ஒரு வேட்டி எரிய எவ்வளவு நேரம் ஆகும்? கண் மூடித் திறப்பதற்குள் வரப்பில் கரிதான் இருந்தது. தூரத்தில் முசே கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பொன்னுரங்கம் எழுந்து, இல்லாத புருவத்தைத் தடவிக்கொண்டு, “எரிஞ்சிடுச்சிபா. இனிமே பயம் இல்ல. கடப்பாரைய எடுத்துக்கினு வாங்க” என்றார்.

பேய் போய்விட்டது என்றதும் ஊரே பாய்ந்தது. இரும்பை நெம்பி, முசேயைப் பூப்போல வெளியே எடுத்தார்கள். கால் எலும்பு முறிந்திருந்தது, அவ்வளவுதான். வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் படுக்க வைத்தார்கள். அதற்குள் வில்லியனூரிலிருந்து சிப்பாய்களும், அவர்களோடு நிஜமாகவே பிரெஞ்சு தெரிந்த ஒரு குமாஸ்தாவும் வந்து சேர்ந்தார்கள். முசே படுத்தபடியே நெடுநேரம் பேசினார். குமாஸ்தா கேட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

“முசே நன்றி சொல்றாரு. விழும்போதுகூட அவருக்கு அவ்ளோ பயம் இல்லியாம். விழுந்ததுக்கு அப்புறந்தான் பயமாம். ‘ஜாக்கிரத, பெட்ரோல் ஒழுவுது, நெருப்பு வேணாம்’னு அவ்ளோ கத்தியும், இங்க யாரோ நெருப்பக் கொளுத்திக்கினு வந்தாங்களாம். ஒரே ஒரு ஆளு மட்டும் புரிஞ்சிக்கினு, அந்த நெருப்பத் தன் பக்கம் இழுத்துக்கினு ஓடிக் காப்பாத்தனாராம். அந்த வீரரு எங்க, கையக் குடுக்கணும்னு கேக்கறாரு.”

எல்லாத் தலைகளும் வாய்க்கால் பக்கம் திரும்பின. வீரன் கழுத்தளவு தண்ணீரில் இருந்தான். எழுந்து போய்க் கை கொடுக்க அவனுக்கும் ஆசைதான். வேட்டி இல்லை.

குப்புசாமி வரப்பில் வந்து குந்தினார். அவர் குமாஸ்தா சொன்னதில் எதைக் கேட்டார், எதை விட்டார் என்று தெரியவில்லை.

“மாப்ள.”

“மாமா.”

“பேன்னா நெருப்பாமே?”

“...ஆமாம் மாமா.”

“எசென்ஸுன்னா பெட்ரோலாமே?”

“அப்படித்தான் சொல்கிறார்கள்.”

அவர் வாயிலிருந்து வரப்போகும் அடுத்த சொல்லுக்குப் பயந்தது போல நான் அந்த நெருப்புக்குக்கூடப் பயப்படவில்லை. கடைசியில் தோளிலிருந்த துண்டை எடுத்து என் தலைமேல் போட்டார்.

“இத கட்டிக்கினு மேல வாங்க. கோர்ட்டுக்கு அந்தக் குமாஸ்தாவையே வச்சிக்கிறேன்.”

கல்யாணம் நடந்தது. ஊர் குமாஸ்தா சொன்னதை நம்பவில்லை. நெருப்பை ‘ஃபே’ என்று எந்த மடையன் சொல்லுவான்? முசேயைப் பிடித்த பேய் என்மேல் தாவி, வேட்டியோடு எரிந்தது என்பதே ஒதியம்பட்டின் முடிவு. தாலி கட்டும்போது ஓமத்துக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு பொன்னுரங்கத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆகாச முசே கால் தேறி, ஊருக்குப் போய், இன்னும் பல வருஷம் பறந்தார் என்று கேள்வி. இப்போது அவர்கள் கொடியும் இறங்கிப் போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் இன்றைக்கும் யாராவது தீப்பெட்டியை எடுத்தால் பிள்ளைகள் ஒரே குரலில் “ஃபே!” என்று என் பக்கம் திரும்புகிறார்கள்.

கல்யாணமாகி ஒதியம்பட்டை விட்டுக் கிளம்பிய அன்று, வண்டி அந்த இரட்டைப் பனையைத் தாண்டும்போது, முழு உண்மையையும் தனகோட்டியிடம் சொல்லிவிட்டேன். பேயும் இல்லை, ஒன்றும் இல்லை, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதுதான் விஷயம் என்றேன். அவள் பனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பிரெஞ்சுப் பேயி நெஜமாவே புடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றாள். “வூட்டுல ஒருத்தருக்காவது பிரெஞ்சு வந்திருக்கும்.”